சிறு மாதிரிகளில் நைட்ரஜன்-15: உமிழ் நிறமாலை முறையின் வன்மையும் வரம்பும்

உயிருள்ள எதன் உடலிலும் நைட்ரஜன் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. மண்ணிலிருந்து வேருக்கும் வேரிலிருந்து இலைக்கும், உணவிலிருந்து தசைக்கும் தசையிலிருந்து சிறுநீருக்கும் அது செல்லும் வழியைப் பின்தொடர வேண்டுமானால், ஒரு நைட்ரஜன் அணுவை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் ஒன்று தேவை. கார்பனுக்கும் பாஸ்பரசுக்கும் கதிரியக்க ஐசோடோப்புகள் அத்தகைய அடையாளமாகக் கைகொடுத்தன. நைட்ரஜனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அதன் கதிரியக்க வடிவங்களுள் மிக நீண்ட ஆயுள் கொண்ட நைட்ரஜன்-13 கூட ஏறத்தாழ 10 நிமிடங்களில் பாதியாகச் சிதைந்துவிடுவதால், ஒரு பயிர்ப் பருவத்தையோ ஒரு குழந்தையின் சில நாள் வளர்ச்சியையோ அதைக் கொண்டு தொடர இயலாது. ஆகவே நைட்ரஜனைப் பின்தொடரும் ஆய்வுத் துறை முழுவதும் கதிர் எதையும் வீசாத, சிதையாத, நிலையான ஐசோடோப்பான நைட்ரஜன்-15-ஐயே நம்பியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களில் 0.3663 விழுக்காடு இந்தக் கனமான வகையைச் சேர்ந்தவை; அதாவது 272 இலகுவான அணுக்களுக்கு ஒரு கனமான அணு. இந்த அளவைச் செயற்கையாக உயர்த்திய உரத்தையோ அமினோ அமிலத்தையோ உயிரினத்துக்கு அளித்து, பின்னர் எடுக்கும் மாதிரியில் கனமான அணுக்களின் பங்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தால், அளித்த நைட்ரஜன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியவரும்.

அந்த அளவீட்டுக்குப் பெரும்பாலும் நிறை நிறமாலைமானியே நினைவுக்கு வரும். மூலக்கூறுகளை மின்னேற்றம் செய்து, காந்தப் புலத்தில் வளைத்து, எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. ஆனால் நைட்ரஜன்-15 என்ற ஒன்று இருப்பதே முதலில் ஒளியின் மூலமாகத்தான் தெரியவந்தது. 1929-இல் தென்னாப்பிரிக்க இயற்பியலாளர் நாடே, நைட்ரிக் ஆக்சைடு வாயு ஒளியை உட்கொள்ளும் பட்டைகளை ஆராய்ந்தபோது, வலுவான பட்டைகளின் அருகே சற்றே விலகி நின்ற மங்கலான பட்டைகளைக் கண்டு, அவை 15 என்னும் நிறை கொண்ட நைட்ரஜனுக்கு உரியவை என்று நிறுவினார். பிற்காலத்தில் சிறு மாதிரிகளை அளக்கும் கருவியாக வளர்ந்த உமிழ் நிறமாலை முறையின் வேர் அந்த விலகலில்தான் இருக்கிறது. 1930-களில் வேதியியலாளர் யூரி வேதிப் பரிமாற்ற முறையால் நைட்ரஜன்-15-ஐச் செறிவூட்டக் கற்றார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் உயிர்வேதியியலாளர்கள் ஷோன்ஹைமரும் ரிட்டன்பர்க்கும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அதை எலிகளுக்கு ஊட்டி, உடலின் புரதங்கள் கட்டி முடித்த சுவர் போல நிற்பவை அல்ல, இடைவிடாது உடைந்து புதுப்பிக்கப்படுபவை என்று காட்டினர். அக்கால நிறை நிறமாலைமானிகளுக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரஜன் தேவைப்பட்டது. ஓர் எலியின் ஈரலிலிருந்து அதைப் பெறுவது கடினமன்று.

கேள்விகள் நுணுகியபோதுதான் மாதிரியின் அளவு இடையூறாக நின்றது. மெல்லடுக்குத் தகட்டில் பிரிந்து நிற்கும் ஒரே ஓர் அமினோ அமிலத்தின் புள்ளி, சில லிட்டர் கடல்நீரை வடிகட்டிய தாளில் தங்கும் நுண்பாசி, குறைப்பிரசவக் குழந்தையிடமிருந்து கிடைக்கும் சில துளிச் சிறுநீர் ஆகியவற்றில் ஆய்வாளரின் கைக்கு வரும் நைட்ரஜன் ஒரு சில மைக்ரோகிராம்தான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உமிழ் நிறமாலை முறை ஏறத்தாழ 0.2 முதல் 10 மைக்ரோகிராம் வரையிலான இந்த எல்லையில்தான் தன் இடத்தைப் பெற்றது.

முறையின் அடிப்படை எளியது. நைட்ரஜன் வாயுவைச் சில மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, வெளியிலிருந்து உயர் அதிர்வெண் மின்புலத்தைச் செலுத்தினால், மின்வாய் எதுவும் இல்லாமலே வாயு ஒளிரத் தொடங்குகிறது. இதை மின்வாயற்ற மின்னிறக்கம் என்பர். மின்னிறக்கத்தில் எலக்ட்ரான்களால் தாக்குண்ட மூலக்கூறு உயர் ஆற்றல் நிலைக்குச் சென்று, அங்கிருந்து இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழ்கிறது. ஆனால் ஐசோடோப்பு வேறுபாடு இந்த ஒளியில் எப்படித் தென்படுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் முறையின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நைட்ரஜன் மூலக்கூறு, சுருள்வில்லால் இணைத்த இரு குண்டுகளைப் போல அதிர்ந்துகொண்டிருப்பது. குண்டுகளில் ஒன்று கனத்தால் அதிர்வு மந்தமாகும். இரு அணுக்களும் 14 ஆக உள்ள மூலக்கூறோடு ஒப்பிட, ஒன்று 14-உம் மற்றொன்று 15-உமாக உள்ள மூலக்கூறு ஏறத்தாழ 1.7 விழுக்காடு மெதுவாக அதிர்கிறது. மூலக்கூறு உமிழும் ஒளியின் ஆற்றலில் எலக்ட்ரான் நிலை மாற்றத்தின் பங்கும் அதிர்வு நிலை மாற்றத்தின் பங்கும் சேர்ந்திருக்கின்றன. முதலாவது பங்கை ஐசோடோப்பு அநேகமாகத் தொடுவதில்லை, இரண்டாவதை மட்டுமே மாற்றுகிறது. நைட்ரஜன் மின்னிறக்கத்தில் மிகப் பிரகாசமான பட்டைகளுள் ஒன்று 337.1 நானோமீட்டரில் உள்ளது. நைட்ரஜன் லேசர் இயங்குவதும் அந்தப் பட்டையில்தான். பிரகாசமானதைத் தேர்ந்தெடுப்பதே இயல்பு என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டையில் மூலக்கூறு அதிர்வின் அடிநிலையிலிருந்து அடிநிலைக்கே இறங்குவதால், மேல்நிலையில் ஏற்படும் விலகலைக் கீழ்நிலையின் விலகல் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 0.03 நானோமீட்டர் மட்டுமே. மாறாக, மேலே இரண்டாம் அதிர்வு நிலையிலிருந்து கீழே அடிநிலைக்கு இறங்கும் பட்டை மங்கலானது என்றாலும், மேல்நிலையில் அதிர்வாற்றல் மிகுந்திருப்பதால் விலகல் ஏறத்தாழ 0.6 நானோமீட்டராக விரிகிறது. அதில் 28 நிறையுள்ள மூலக்கூறின் பட்டை 297.7 நானோமீட்டரிலும், 29 நிறையுள்ளது 298.3-இலும், இரு அணுக்களும் கனமான 30 நிறையுள்ளது 298.9-இலும் தலைகாட்டுகின்றன. இந்த இடைவெளியைப் பிரித்துக்காட்ட நடுத்தரமான ஒரு கீற்றணி நிறமாலைமானியும் ஓர் ஒளிமின் பெருக்கிக் குழாயும் போதும். பிரகாசத்தை விட்டுக்கொடுத்து இடைவெளியை வாங்கிய இந்தத் தேர்வுதான் எளிய கருவிகளைக்கொண்டே ஐசோடோப்பை அளக்க வழிவிட்டது.

மூன்று பட்டைகளின் உயரங்களிலிருந்து அணு விழுக்காட்டைக் கணிப்பதும் சிரமமானதன்று. அணுக்கள் குருட்டாம்போக்கில் இணை சேர்ந்திருக்கின்றன என்று கொண்டால், 28-இன் உயரத்தை 29-இன் உயரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை இரட்டித்து, ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் 100-ஐ வகுத்தால் நைட்ரஜன்-15-இன் அணு விழுக்காடு கிடைக்கும். காற்றின் நைட்ரஜனுக்கு அந்த விகிதம் 136; அதாவது ஒரு பட்டை மற்றொன்றைப் போல 136 மடங்கு உயர்ந்து நிற்க, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் நம்பகமாக அளந்தாக வேண்டும். செறிவூட்டிய மாதிரியில் நிலைமை மிகவும் இலகுவாகிறது: 10 அணு விழுக்காட்டில் மூன்று மூலக்கூறுகளும் முறையே 81, 18, 1 என்ற பங்கில் இருக்கும். இந்த நிலையில் 29-இன் பங்கை அதனாலேயே பெருக்கி, 28, 30 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் 4 வரவேண்டும். வராவிட்டால், செறிவூட்டிய நைட்ரஜனோடு வெளிக்காற்றின் நைட்ரஜன், அணுக்கள் கலக்காமல் மூலக்கூறு மட்டத்தில் மட்டுமே சேர்ந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அந்த எண் தந்துவிடுகிறது. செறிவு 1 விழுக்காட்டுக்கு இறங்கினால் 30-இன் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றாகிப் பின்னணி ஒளியில் மூழ்கிவிடுவதால், இந்தச் சோதனை மிகவும் தேவைப்படும் இடத்தில் அது கைக்கு எட்டுவதில்லை.

ஹோக், வைசர் ஆகிய இருவரும் 1950-இல் இந்த வழியில் நைட்ரஜன்-15-ஐ அளந்து காட்டினர். 1958-இல் பிராய்டா, சாப்மன் ஆகியோர் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் முறையை ஒழுங்குபடுத்தினர். மாதிரி சிறுத்தால் மின்னிறக்கமே அணைந்துபோகும் என்ற தடையை 1968-இல் கோலெப், மிட்டில்போ ஆகியோர் தாண்டினர். ஹீலியமும் செனானும் கலந்த வாயுவைக் குழாயில் சேர்த்து, ஒளிர்வைத் தாங்கும் வேலையை அந்த மந்த வாயுக்களிடம் விட்டு, நைட்ரஜனை அடையாளம் காட்டும் வேலையை மட்டும் செய்யவைத்தனர். பின்னர் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாட்ரான் நிறுவனமும் ஜப்பானின் ஜாஸ்கோ நிறுவனமும் இதற்கெனவே கருவிகளைச் செய்து விற்றன. ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃபில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபீட்லர், ப்ரோக்ஷ் ஆகியோர் 1975-இல் உமிழ் முறையையும் நிறை முறையையும் அருகருகே வைத்து விரிவாக மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு துறையினர் நெடுங்காலம் திரும்பத் திரும்பப் புரட்டிய ஒன்று.

கருவியைவிட அதற்கு முந்தைய தயாரிப்பு மேசையே முடிவின் தரத்தை நிர்ணயிக்கிறது என்பது இம்முறையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தெளிவாகும் உண்மை. மாதிரியிலுள்ள நைட்ரஜன் எந்த வடிவில் இருந்தாலும் அதைத் தூய நைட்ரஜன் வாயுவாக மாற்ற வேண்டும். பழைய ரிட்டன்பர்க் வழியில், கியெல்டால் செரிப்பால் அம்மோனியமாக மாற்றிய நைட்ரஜனை ஹைப்போபுரோமைட்டுக் கரைசலால் ஆக்சிஜனேற்றி வாயுவை வெளியேற்றுவர். மில்லிகிராம் அளவில் இது நன்றாகவே நடந்தது. ஆனால் அறை வெப்பத்தில் காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மில்லிலிட்டர் நீரில் கரைந்திருக்கும் காற்று நைட்ரஜன் மட்டுமே ஏறத்தாழ 14 மைக்ரோகிராம். மாதிரியே 10 மைக்ரோகிராம் என்னும்போது, வாயு நீக்காத ஒரு மில்லிலிட்டர் வினைப்பொருளே மாதிரியை மூழ்கடித்துவிடும். இதனால்தான் நீரே இல்லாத டூமா எரிப்பு முறை இத்துறையில் நிலைபெற்றது.

அந்த முறையின்படி, உள்விட்டம் சுமார் 4 மி.மீ. உள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை மூடி, அதனுள் ஆக்சிஜன் தரத் தாமிர ஆக்சைடையும், எரிப்பில் உண்டாகும் கரியமில வாயுவையும் நீராவியையும் பிடித்துக்கொள்ளச் சுட்ட சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடையும் இடுவர். மாதிரியை ஒரு நுண்குழலில் உலர்த்தி உள்ளே தள்ளுவர். குழாயை வெற்றிட இறைப்பானோடு இணைத்து, காற்று முழுவதும் வெளியேறும்வரை இறைத்து, சுவரில் ஒட்டியிருக்கும் வாயுவை விரட்டச் சுடர் காட்டிச் சூடாக்கி, பின்னர் இறைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கழுத்தைச் சுடரில் உருக்கி இழுத்து அடைப்பர். போரோசிலிக்கேட் கண்ணாடியானால் அது தளரும் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, 550 பாகை செல்சியசை ஒட்டிச் சில மணி நேரம் உலையில் வைப்பர். குளிர்ந்தபின் அந்தக் குழாயே அப்படியே கருவியில் ஏறுகிறது. எரிகலமும் ஒளிவிளக்கும் ஒன்றே. பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தகைய குழாயின் கொள்ளளவு இரண்டு மில்லிலிட்டருக்கும் குறைவு. அதில் 10 மைக்ரோகிராம் நைட்ரஜன் வாயுவானால் அழுத்தம் ஏறத்தாழ 3.5 மி.மீ. பாதரசம் வருகிறது. மின்னிறக்கம் நன்கு ஒளிரும் அழுத்தமும் ஏறத்தாழ அதுவேயாதலால், மாதிரியின் சிறுமைக்கும் குழாயின் சிறுமைக்கும் இயற்கையாகவே பொருத்தம் அமைந்துவிட்டது. மாதிரி 1 மைக்ரோகிராமாகக் குறையும்போது அழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடுவதால்தான் மந்த வாயுவின் துணை தேவைப்படுகிறது.

சுண்ணாம்பு இங்கே ஒரு துணைப்பொருள் போலத் தோன்றினாலும் முடிவின் தரம் பெரும்பாலும் அதன் தூய்மையில் தங்கியிருக்கிறது. முன்கூட்டியே கடும் வெப்பத்தில் சுட்டுத் தன்னிடமுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது இழந்திருக்காவிட்டால், பிடிக்க வேண்டிய வாயுவைப் பிடிக்காது. அப்போது மின்னிறக்கத்தில் நீராவி நைட்ரஜனின் ஒளியை மங்கச் செய்கிறது. கார்பன் மோனாக்சைடோ 297 நானோமீட்டரை ஒட்டிய தன் சொந்தப் பட்டையை 28-இன் பட்டைமீதே ஏற்றிவிடுகிறது. அதனால் 28 உண்மையைவிட உயர்ந்து தெரியும், கணிக்கும் செறிவு தாழும்.

மாசுகளுள் கொடியது காற்றே. ஒரு கன மில்லிமீட்டர் காற்றில், அதாவது ஒரு கடுகளவுகூட இல்லாத காற்றில், ஏறத்தாழ 0.9 மைக்ரோகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஒன்பதில் ஒரு பங்கு, 0.1 மைக்ரோகிராம், குழாயில் தங்கிவிட்டது என்று கொள்வோம். மாதிரி 10 மைக்ரோகிராமாக, இயற்கை அளவைவிட 1 விழுக்காடு கூடுதல் செறிவோடு இருந்தால், அளவீடு 0.99 என்று காட்டும். பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே மாசு 1 மைக்ரோகிராம் மாதிரியில் சேர்ந்தால் 0.91 என்று காட்டும். இந்தப் பிழைக்கு ஒரு தீய குணம் உண்டு: அது எப்போதும் ஒரே திசையில், செறிவைக் குறைக்கும் திசையில் மட்டுமே செயல்படுவதால், அளவீட்டை எத்தனை முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் நீங்குவதில்லை, எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போய், எல்லாமே தவறாக இருக்கும். செறிவு தெரிந்த ஒரே பொருளிலிருந்து 1, 2, 5, 10 மைக்ரோகிராம் என்று வரிசையாகக் குழாய்களைத் தயாரித்து அளந்து, சிறிய மாதிரிகளில் மதிப்பு எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பதே இதைப் பிடிக்கும் வழி. இந்த வரிசையைத் தராமல் ஒரு மைக்ரோகிராம் முடிவுகளை மட்டும் தரும் ஆய்வைத் தயக்கத்தோடுதான் படிக்க வேண்டும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை இரு முறைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது. உமிழ் முறை இயற்கைச் செறிவை ஒட்டி நூறில் ஓர் அணு விழுக்காடு அளவுக்குத்தான் உறுதி தரும். நல்ல நிறை நிறமாலைமானி பத்தாயிரத்தில் ஒன்று வரை செல்லும். மண்ணுக்கு மண், உணவுச் சங்கிலியில் ஒரு படிக்கு ஒரு படி இயற்கையிலேயே ஏற்படும் சிறு வேறுபாடுகளை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எண்ணுவர். அந்த ஓர் அலகு 0.00037 அணு விழுக்காட்டுக்குச் சமம். உமிழ் முறைக்கு அது கண்ணுக்கே தெரியாது. இதனாலேயே இதைத் தரம் குறைந்த முறை என்று ஒதுக்குவது வழக்கமாயிற்று. அந்தத் தீர்ப்பு சரியானதன்று. 10 விழுக்காடு கூடுதல் செறிவுள்ள உரத்தை இட்டு, பயிரில் 1 விழுக்காடு கூடுதல் கண்டால், பயிரின் நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு உரத்திலிருந்து வந்தது என்பது முடிவு; இதில் 0.01 விழுக்காட்டுப் பிழை, விடையை நூற்றில் ஒரு பங்குதான் அசைக்கும். ஒரே வயலின் இரண்டு பாத்திகளுக்கிடையே உள்ள வேறுபாடு அதைவிடப் பலமடங்கு பெரிது. நெல் வயலில் இடும் உர நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான், எஞ்சியதில் கணிசமான பகுதி அம்மோனியாவாகவும் பிற வாயுக்களாகவும் வெளியேறுகிறது என்ற, உழவரின் செலவோடு நேரடியாகத் தொடர்புள்ள அறிவு, நான்காம் தசம இடத்தைக் கேட்பதே இல்லை.

முறையின் முழு வன்மையும் வெளிப்பட்ட இடமாக ஜப்பானில் யோனேயாமா, குமாசாவா ஆகியோர் 1970-களில் நெல் நாற்றுகளில் செய்த ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். நாற்றின் வேரை நைட்ரஜன்-15 அம்மோனியக் கரைசலில் வைத்து, குறுகிய இடைவெளிகளில் எடுத்து, அதிலுள்ள அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் கனமான அணு ஏறும் வேகத்தை உமிழ் முறையால் அளந்தனர். வேருக்குள் நுழையும் அம்மோனியம் முதலில் எந்தச் சேர்மத்தில் சேர்கிறது என்பதே கேள்வி. குளூட்டமிக் அமிலத்தில் நேரடியாகச் சேர்கிறது என்பது அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தது. குளூட்டமினின் ஓரத்தில் தொங்கும் அமைடு நைட்ரஜனில்தான் அடையாளம் முந்தி ஏறுகிறது என்று இவ்வகை அளவீடுகள் காட்டின. அதே காலத்தில் நொதி ஆய்வாளர்கள் தாவரங்களில் கண்டுபிடித்த குளூட்டமின் வழிப்பாதைக்கு அது வலுவான சான்றாயிற்று. ஒரு நாற்றின் வேரில் ஓர் அமினோ அமிலத்தின் ஓர் இடத்து நைட்ரஜனை மட்டும் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சில மைக்ரோகிராம். மில்லிகிராம் கேட்கும் கருவியால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் குழந்தை மருத்துவர்கள் இதே வழியில் நைட்ரஜன்-15 ஏற்றிய சேர்மங்களைச் சிசுக்களுக்குச் சிறு அளவில் கொடுத்து, சிறுநீரில் வெளியேறும் அடையாளத்திலிருந்து புரதம் உடலில் கட்டப்படும் வேகத்தைக் கணித்தனர். ஊசி குத்தி இரத்தம் எடுக்காமலும் கதிரியக்கத்துக்கு ஆளாக்காமலும் ஒரு பச்சிளங்குழந்தையிடம் செய்யத்தக்க ஆய்வு அது. கடலியலில், நுண்பாசி நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் எடுத்துக்கொள்ளும் வேகத்தை அளப்பவர்களும் வடிதாள்களோடு இக்கருவியை நாடினர்.

நிலைமை மாறியது 1980-களில். தனிமப் பகுப்பாய்வுக் கருவியில் மாதிரியை எரித்து, வெளிவரும் வாயுவை ஹீலியம் ஓட்டத்தில் சுமந்து நேரே நிறை நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்லும் தொடரோட்ட முறையைப் பிரஸ்டன், ஓவன்ஸ் ஆகியோர் 1983-இல் செய்துகாட்டியதும், ஒரு நாளில் ஒருவர் கையால் அடைத்த சில பத்துக் குழாய்களின் இடத்தை, தானே இயங்கும் கருவியின் நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் பிடித்துக்கொண்டன. மொத்த நைட்ரஜன் அளவும் ஐசோடோப்பு விகிதமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்தன. உமிழ் முறை பின்தங்கியதற்கு இந்த உழைப்புக் கணக்கே முதற்காரணம், துல்லியம் அதற்கு அடுத்ததுதான். விலை குறைவு, இறைப்பானும் கண்ணாடி வேலையும் தெரிந்த ஒருவராலேயே பழுதுபார்க்க முடிதல், உயர் வெற்றிடக் காந்தக் கருவி வேண்டாமை ஆகிய அதன் பழைய நன்மைகள் மறைந்துவிடவில்லை. ஆனால் அக்கருவிகளைச் செய்வோர் குறைந்து, குழாய் அடைக்கும் கைத்திறனும் ஆய்வகங்களில் அரிதாகிவிட்டது.

தொடரோட்டக் கருவிக்கும் வழக்கமாகப் பல பத்து மைக்ரோகிராம் நைட்ரஜன் வேண்டியிருக்கிறது. அதை ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இறக்க எரிகுழாயைச் சுருக்குவதும், ஹீலியம் ஓட்டத்தைக் குறைப்பதும், வெளிவரும் நைட்ரஜனைக் குளிர்பொறியில் பிடித்துத் திரட்டுவதும் இன்று நடக்கும் முயற்சிகள். அவற்றில் ஈடுபடுவோர் முதலில் அளப்பது மாதிரியை அல்ல. மாதிரியைப் பொதியும் தகரச் சிமிழில் ஒட்டிய காற்றையும், எரிப்புக்கு விடும் ஆக்சிஜனில் கலந்துள்ள நைட்ரஜனையும், ஒன்று இரண்டு ஐந்து பத்து என்று வரிசையாக வைத்த நியமப் பொருளின் மதிப்பு எந்த இடத்தில் சரியத் தொடங்குகிறது என்பதையும்தான்.